மாஸ்டர் விளக்கு

நான் சாயப்பட்டறைக்குள் நுழைந்தபோது, அங்கே சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்ளும் டையிங் மாஸ்டரைத் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். தரை முழுக்கக் கருநீலச் சாயத்தண்ணீர். அதில் புரண்டு புரண்டு அவருடைய சட்டை, காது, பல் எல்லாம் நீலமாகிவிட்டிருந்தன. வாயிலிருந்து வந்த ரத்தம்கூட அந்த நீலத்தில் விழுந்து கறுப்பாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவர், "வேண்டாமுங்க... வேண்டாமுங்க சாமி" என்றார். அடிக்கிறவனுக்கு 'ங்க' போடும் ஊர் எங்கள் ஊர்.

நான் பேனல் கம்பெனி ஆள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்குப் பஸ் ஏறியபோது நான் அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி அறைக்கு வேலைக்குப் போனேன். சாயப்பட்டறை மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோல் பேனல்களைச் செய்கிற சின்னக் கம்பெனி. கீழே பாத்திரப் பட்டறை. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். எங்கள் பேனலின் எவர்சில்வர் பெட்டியையும் அவர்கள்தான் அடித்து வளைத்துக் கொடுப்பார்கள். பெட்டிக்குள் ஓடிய புரோகிராமை எழுதியவர் என் முதலாளியின் பழைய கூட்டாளி. சண்டை போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமில் யாரும் கை வைத்ததில்லை. "ஓடற மெஷினத் தொடாதே" என்பதுதான் முதலாளியின் வேதம்.

எனக்கோ அந்த வயதில் ஒரே வெறி, புரோகிராம்களை உடைப்பது எப்படி என்று படிப்பது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பிரவுசிங் சென்டரில் கிடப்பேன். நல்ல திருடன் பூட்டைத் தொடவே மாட்டான், பூட்டின் ஞாபகத்தைத்தான் குழப்புவான் என்று எங்கோ படித்ததும் உடம்பெல்லாம் பரபரத்தது. புரோகிராம் ஒவ்வொரு நொடியும் தன்னைப் பற்றிச் சில விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறது. இப்போது என் எதிரே நிற்பது யார், நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன், கதவு திறந்திருக்கிறதா. இதில் ஒன்றை மறக்க வேண்டிய நேரத்தில் மறக்காமல் விட்டால் போதும், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். இது பேங்க்குகளின் பிரச்சனை என்று நினைத்திருந்தேன். சாயப்பட்டறையில் ஆளை வேகவைக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று மதியம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு பட்டறையில் மெஷின் மூடி பிய்த்துக்கொண்டு ஓர் ஆள் வெந்துவிட்டான் என்றார். "நீ போயி மாஸ்டர் லைட்டு எரியுதான்னு மட்டும் பாத்துட்டு வா. எரிஞ்சுதுன்னா நம்ம மேல ஒண்ணுமில்ல."

மாஸ்டர் விளக்கு என்பது பேனலின் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு. மெஷின் என்பது படுத்துக் கிடக்கும் பெரிய இரும்பு உருளை. உள்ளே துணி, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, கொதிக்கும் சாயத்தில் சுற்றிச் சுற்றி ஓடும். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் சூடு நூற்று முப்பது டிகிரி வரை போகும். குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி நிற்கும். ஆறாமல் மூடியைத் திறக்க முடியாதபடி ஓர் இரும்பு ஊசி குறுக்கே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆறியது தெரிந்தால்கூட, மாஸ்டர் வந்து தன் ரகசிய நம்பரைப் போட்டால்தான் ஊசி விலகும். அப்போது அந்தச் சிவப்பு விளக்கு எரியும். 'மாஸ்டர் விளக்கு எரிந்தால் மட்டுமே மூடியைத் திறக்கவும்' என்று ஸ்டிக்கர் அடித்து எங்கள் கம்பெனியே ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டியிருந்தது.

விபத்து நடந்த முதல் மெஷினில் மூடி திறந்து தொங்கியது. உள்ளிருந்து பீய்ச்சிய நீலத் துணி, குடல் சரிந்த மாதிரி வெளியே வழிந்து கிடந்தது. அதன் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைக் காட்டிக் காட்டித்தான் அடித்தார்கள். வெந்துபோன ஆப்பரேட்டர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய அண்ணன் பக்கத்துப் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, மச்சான்மார் நாலைந்து பேரோடு நேரே இங்கே வந்துவிட்டார். பட்டறை ஓனர் தன் கண்ணாடி ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

"ஏல, அந்த லைட்டு எரியுதுல்லா? உன் நம்பரு இல்லாம எரியுமால?" அண்ணன் மாஸ்டரின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

"நான் போடுலீங்க. காலைல துணி சிக்கீருச்சுன்னு ரண்டு மெஷின்லயும் போட்டனுங்க. அப்பறம் ஆஃப் பண்ணீட்டனுங்க. மத்தியானம் நான் பாய்லர்கிட்ட இருந்தனுங்க."

"பாய்லர்ட்ட இருந்தானாம்லா. என் தம்பி மூஞ்சி உரிஞ்சி தொங்குதுல, கோழித் தோலு மாதிரி!" என்று சொல்லி, மாஸ்டரின் முகத்தைக் கொண்டுபோய் உருளையின் காலில் மோதினார். எலும்பு உடையும் சத்தம் பம்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பம்புச் சத்தம் என்றேனே, அது இரண்டாவது மெஷினின் சத்தம். ஓர் ஆள் வெந்து, இன்னோர் ஆள் அடிபட்டுக்கொண்டிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் துணி முழுக்கத் திட்டுத் திட்டாகிவிடும் என்று ஓனர் நிறுத்தவிடவில்லை. நூற்று இருபதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் எங்கள் கம்பெனியின் பேர் தைத்திருந்தது.

"நீ பொட்டிக்காரனா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப இந்த மெசினத் தொற. இவன் கைய உள்ள விட்டு எடுப்போம். வெந்தா எப்படி இருக்கும்னு இவனுக்கும் தெரியட்டும்."

மச்சான்மார் மாஸ்டரை இரண்டாவது மெஷினுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் செருப்பில்லாத குதிகாலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். நீலத் தண்ணீரில் வழுக்கியது. ஒருவன் அவருடைய வலது கையை முழங்கைக்கு மேல் முறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்னால தெறக்க முடியாதுங்கண்ணா. மாஸ்டர் நம்பர் வேணும்" என்றேன். உண்மையென்றுதான் நினைத்தேன்.

"அப்ப நம்பரச் சொல்லுல!" மாஸ்டரின் விரல் ஒன்றை ஒருவன் பின்னால் மடக்கினான். மாஸ்டர் கத்தினார். நம்பரைச் சொல்லவில்லை. சொன்னால் கை போய்விடும். சொல்லாவிட்டால் விரல் போகும். அவர் விரலையே கொடுத்துவிட்டார். அது ஒடிந்தது.

அப்போதுதான் வெந்தவருடைய ஷிப்ட் கூட்டாளி, பனியனும் அரை டிராயருமாகச் சுவரோடு ஒட்டி நின்ற உள்ளூர் ஆப்பரேட்டர், கையெடுத்துக் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "அவர உட்ருங்க சாமி. அவரு நம்பர் வேண்டியதில்லீங்க. பேனல் சுச்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா லைட்டு தானா வருமுங்க. கரண்டு போய்ப் போய் வாரப்பப் பாத்தமுங்க. மாஸ்டர் காலைல ஒருக்கா நம்பர் போட்டாப் போதுமுங்க, அன்னிக்குப் பூராம் வேல செய்யுமுங்க. எல்லாப் பட்டறைலயும் இப்படித்தானுங்க பண்றாங்க."

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் நாளெல்லாம் கரண்ட் போய் வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் எல்லாம் ஒருமுறை செத்துப் பிழைக்கும். எனக்குள் ஏதோ 'டிக்' என்றது. வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம். பக்கத்தில் ஓர் ஆளின் விரல் ஒடிந்து தொங்கும்போது சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், அந்த நொடி அதுதான் வந்தது. 'ஆஃப்' பட்டன் விளக்கை மட்டும்தான் அணைக்கிறது! மாஸ்டர் எதிரே நிற்கிறார் என்ற ஞாபகத்தை அழிப்பதில்லை. பேட்டரியில் அந்த ஞாபகம் பத்திரமாக இருக்கிறது. பேனல் மறுபடி உயிர் பெற்றதும் பழைய ஞாபகத்தை எடுத்து, மாஸ்டர் இங்கேதான் இருக்கிறார் என்று விளக்கைப் போட்டுவிடுகிறது.

மாஸ்டர் நிரபராதி என்று காட்ட ஒரே வழி, இந்த இரண்டாவது மெஷினில் அவர் நம்பர் இல்லாமல் விளக்கைப் போட்டுக் காட்டுவது. போட்டால் ஊசியும் விலகினாலும் விலகும். அவருடைய கையை அமுக்குவதற்காக இவர்கள் கேட்கும் கொப்பரையை நானே திறந்து கொடுத்த மாதிரி ஆகும்.

"அவனச் சும்மா விடாதிய, இவனுவ சேந்து நாடகம் போடுதானுவ" என்றான் விரல் ஒடித்தவன்.

"அண்ணா, ஒரே நிமிஷம். நான் போட்டுக் காட்டறேன். அவரக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்கங்க. நீங்க மட்டும் வாங்க" என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் வந்தார். கையில் மூடி போல்ட்டுகளைத் திருகும் பெரிய ஸ்பேனர்.

பேனல் சுவிட்சை அணைத்தேன். பம்பு நின்றது. அவ்வளவு பெரிய இரைச்சல் நின்றதும் பட்டறையே ஆறிப்போன மாதிரி இருந்தது. அந்தப் பொய்யான குளிர்ச்சியை நான் மறக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன். திரை மினுங்கியது. மூலையில் சிவப்பு விளக்கு, யாரும் எந்த நம்பரும் போடாமலே, பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா? அவரு அங்க இருக்காரு. நம்பரு யாரும் போடல" என்றேன்.

அண்ணன் விளக்கைப் பார்த்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் திரையையும் பார்த்துவிட்டேன். சூடு என்ற இடத்தில் 0 என்று இருந்தது.

சைபர். நூற்று இருபதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில். உயிர் பெற்று வந்த பேனலுக்குச் சூட்டை அளக்கும் கருவியிலிருந்து முதல் செய்தி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதுவரை 'தெரியவில்லை' என்று சொல்லத் தெரியாமல் 'சைபர்' என்று நினைத்துக்கொள்கிறது. மாஸ்டர் எதிரே இருக்கிறார், உள்ளே ஐஸ் தண்ணீர். இரண்டும் சரி. அப்புறம் என்ன? 'டக்' என்று ஊசி விலகியது.

அந்தச் சத்தம் அண்ணனுக்கும் கேட்டது. அவருடைய இடது கை மூடியின் பிடிக்குப் போனது. திறந்து கையை அமுக்கத்தான் போனார் என்று நான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தம்பி எப்படி நின்றிருப்பான், எதைப் பார்த்திருப்பான், கை எங்கே போயிருக்கும் என்று அந்த உடம்பு தானாகச் செய்துபார்க்கிற மாதிரி இருந்தது. "சைபரு" என்றார் மெல்ல. "ஆறித்தான இருக்கு."

"ஆறல! அண்ணா, ஆறல!" நான் மூடியின் மேல் என் தோளைக் கொடுத்து அமுக்கினேன். இரும்பு சட்டையோடு தோளைச் சுட்டது. அவர் என் காலரைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். தலைக்கு மேலே அழுத்தம் காட்டும் முள் வைத்த மீட்டர் இருந்தது. கரண்டே வேண்டாத, ஞாபகமே இல்லாத, பழைய முள். அது உண்மையைச் சொல்லும். ஆனால் அதன் கண்ணாடி முழுக்க ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஓடாகக் கிடந்தன. எங்கள் பக்கம் பூஜைக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிரும் வரை இருக்கும். அடுத்த பூஜைக்கு அதன் மேலேயே இன்னொன்று வைப்பார்கள். முதல் மெஷினின் மீட்டரிலும் அதே சந்தனம்தான்.

நான் எம்பி, முழுக்கைச் சட்டையால் அந்தச் சந்தனத்தைத் தேய்த்தேன். உள்ளூர் ஆப்பரேட்டர் "ஐயோ சாமி" என்றது கேட்டது. ஓடு பெயர்ந்து கண்ணில் விழுந்தது. கீழே கண்ணாடி. கண்ணாடிக்குள் முள், சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், பயந்த நாய் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது.

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். பிடியில் இருந்த கை அசையவில்லை. அதே நேரம் திரையில் 0 போய் 124 என்று வந்தது. 'டக்' என்று ஊசி திரும்ப விழுந்தது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அவர் கையை எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சைபரத்தான் அவன் பாத்தானா?"

"ஆமாங்கண்ணா. அந்தப் பேனலுக்கு மட்டும் கரண்டு போய் வந்திருக்கு. அவரு தெறந்த நேரம் அந்த நேரமா அமைஞ்சிருச்சு."

"இந்தப் பொட்டிய எவன் செஞ்சான்?"

பொய் சொல்ல நேரமில்லை. "நாங்கதானுங்கண்ணா."

ஸ்பேனர் முதலில் பேனலில் விழுந்தது. அனுப்பர்பாளையத்தில் சுத்தியலால் அடித்து வளைத்த எவர்சில்வர், அதே மாதிரி அடியில் உள்ளே மடங்கியது. திரை தெறித்தது. இரண்டாவது வீச்சு என் வாயில். முழு வீச்சாக இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பக்கவாட்டில் உரசிப் போனது. முன்பல் ஒன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. கீழே விழுந்ததும் யாரோ விலாவில் மிதித்தார்கள். நீலத் தண்ணீர் வாய்க்குள் போனது. உப்பு. சாயத்தில் உப்பு மூட்டை மூட்டையாகப் போடுவார்கள், அந்த உப்பா, என் ரத்தமா தெரியவில்லை.

மாஸ்டரை விட்டுவிட்டார்கள். அவர் சுவரோரம் தவழ்ந்து போய் ஒடிந்த விரலை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாடை ஒருபக்கமாகத் தொங்கியது. கை முழுசாக இருந்தது.

அப்போதுதான் கண்ணாடி ரூம் கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஓனர் தலையை நீட்டி, என்னைப் பார்த்து, ரொம்ப அன்பாக, "ஏங் கண்ணு, அப்ப ஆளே தொறந்துக்கிட்டான், அப்படித்தானுங்? மாஸ்டர் மேலயும் தப்பில்ல, கம்பெனி மேலயும் தப்பில்ல. அத மட்டும் சொல்லீருங்க, நானு போலீஸ்ல பேசிக்கறேன்" என்றார்.

நான் பல்லைத் துப்பிவிட்டு, "அவரா தெறக்கலீங்க. ஆறீருச்சுன்னு பேனல் சொல்லுச்சுங்க. அவரு நம்புனாருங்க" என்றேன். வாயில் பல் இல்லாததால் பாதி காற்றாகத்தான் போனது. ஆனால் அண்ணனுக்கு ஓனர் சொன்னது தெளிவாகக் கேட்டிருந்தது. அந்தக் கண்ணாடி ரூமில் அதற்குப் பிறகு கண்ணாடி இல்லை. போலீஸ் வரும்போது ஓனர் மேஜைக்கு அடியில் இருந்தார். வேட்டி மேஜைக்கு மேலே கிடந்தது.

முதலாளி என்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துக் கத்தினார். "நாங்கதான்னு எதுக்குடா சொன்னே? படிச்சவன்தானே நீ? மூளை எங்கடா போச்சு?" வாயில் தையல் போட்டிருந்ததால் நான் பேசவில்லை. போலீஸுக்கு மட்டும், தையல் பிரித்தபிறகு, பேனல் சைபர் காட்டியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலாளி ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் புரோகிராமைத் தொடாதே என்று அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். விழித்துக்கொண்டதும் பேனல் செய்ய வேண்டிய முதல் வேலை, எதிரே யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வது. இரண்டாவது, சூடு தெரியும் வரை உள்ளே கொதிக்கிறது என்று வைத்துக்கொள்வது.

வெந்த ஆப்பரேட்டரை அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஒரு கண் மூடியே இருந்தது. கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டு, தலை ஒரு பக்கமாகவே நின்றது. அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, என் வாயைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

நான் யார் என்று சொன்னேன். தம்பி ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார். உதடு அசைய நேரமாயிற்று.

"சைபருன்னுதான இருந்துச்சு? இங்க எல்லாவனும் என்னைக் கூமுட்டைங்கான். நான் பாத்தேம்லா. சைபருன்னுதான இருந்துச்சு?"

"சைபர்தாங்கண்ணா."

"அண்ணங்கிட்டச் சொன்னியளா?"

"அவரே பாத்துட்டாருங்க."

அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு நான் பைக்கில் புதுப் புரோகிராமைக் கொண்டுபோய்ப் பட்டறை பட்டறையாக ஏற்றினேன். எங்கே போனாலும் ஆப்பரேட்டர்கள் முதலில் செய்தது, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்ப்பது. விளக்கு வராது. "ஏனுங்க, நல்லா ஓடீட்டிருந்ததக் கெடுத்துப்போட்டீங்களே, இனி ஒவ்வொருக்காவும் மாஸ்டரத் தேடிட்டா திரிய முடியும்?" என்பார்கள். ஒருவர் என் அம்மாவையே இழுத்துத் திட்டினார், 'ங்க' போட்டு. சாமளாபுரம் போகிற வழியில் ஒரு பட்டறையில் நான் ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஓனர் பின்னால் வந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். "பூஜ பொட்ட அழிக்கற நாயி, எறங்குடா கீழ!"

இறங்கவில்லை. கன்னம் எரிய, மிச்சச் சந்தனத்தையும் நகத்தால் எடுத்தேன். முள் தெரிந்தது. அவரும் அண்ணாந்து பார்த்தார்.